இரண்டே நாளில் ஒரு ஊர் உங்களுக்குப் பிடிபட்டது எங்கே?

நடைவண்டி:

சனி, ஞாயிறு, அதோடு ஒட்டி வரும் ஒரு விடுமுறை நாள். எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்குள் ஒரு வெளியூருக்குப் போய்த் திரும்புவது வீண் அலைச்சல் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நல்ல சாப்பாடு ஒன்று, மனதில் நிற்கும் காட்சி ஒன்று, ஒரு மாலைப்பொழுது. இந்த மூன்றும் அமைந்துவிட்டால் அந்த ஊர் ஏதோ ஒரு நொடியில் பிடிபட்டுவிடுகிறது. அந்த நொடியைத்தான் கேட்கிறேன். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்? நானே தொடங்குகிறேன்.

இஸ்தான்புல்லில் இரண்டரை நாள் இருந்தேன். முதல் நாள் எல்லாரும் பார்ப்பதைப் பார்த்தேன். 537ஆம் ஆண்டு தேவாலயமாகக் கட்டி முடித்து, இப்போது பள்ளிவாசலாக இருக்கும் ஹாகியா சோபியாவின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பிறகு பக்கத்திலேயே நிலத்துக்கு அடியில் இருக்கும் பழைய நீர்த்தொட்டி. 336 தூண்கள், மங்கலான வெளிச்சம், ஒரு மூலையில் தலைகீழாக வைத்த, பாம்புக்கூந்தல் கொண்ட கிரேக்கப் புராணத்து மெதூசாவின் கல் தலை. எல்லாமே பிரமாதம்தான். ஆனாலும் யாரோ எடுத்த படங்களை நேரில் சரிபார்த்துவிட்டு வந்தது போலத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிராண்ட் பஜாருக்குப் போனால் வாசல் மூடியிருந்தது. ஞாயிறு அதற்கு விடுமுறை என்று நான் பார்க்காமல் போய்விட்டேன். அரை நாள் கையில் இருந்தது, போக இடமில்லை. அப்படியே சரிவில் இறங்கி நடந்தால் எமினோனு படகுத்துறை வந்தது. கூட்டம் ஏறிய படகில் நானும் ஏறினேன். எதிர்க்கரை காதிகோய், அதாவது ஆசியக் கரை. இருபது நிமிடப் பயணம்.

வெளிப்பக்கத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். தட்டு நிறைய தேநீர் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளர், கைப்பிடி கிடையாது. சூடு தாங்காமல் நான் மாற்றி மாற்றிப் பிடிப்பதைப் பார்த்த பக்கத்து இருக்கை அம்மா, தன் டம்ளரை எடுத்து விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். அப்புறம் தன் பையில் இருந்த சிமித்தைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார். சிமித் என்பது எள் ஒட்டிய வளைய ரொட்டி. நான் கடிக்கப் போகும்போது தலையை ஆட்டி, வெளியே வீசும்படி சைகை காட்டினார். வீசினேன். படகோடு சேர்ந்து பறந்துவந்த கடற்காகம் ஒன்று அதைக் காற்றிலேயே கவ்விக்கொண்டது. அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் முந்தின நாள் பார்த்த குவிமாடங்களும் மினார்களும் ஒரே வரிசையில் பின்னால் போய்க்கொண்டிருந்தன. உள்ளே நின்றபோது பெரிதாகத் தெரிந்தவை, தண்ணீரிலிருந்து பார்த்தபோதுதான் அழகாகத் தெரிந்தன.

அக்கரையில் இறங்கியதும் சந்தை. மீன், ஆலிவ், ஊறுகாய். ஊறுகாய்க் கடையில் அந்தப் புளித்த சாற்றையே டம்ளரில் ஊற்றிக் குடிக்கத் தருகிறார்கள். மாலையில் மோதா கடற்கரையோரப் புல்லில் ஊரே உட்கார்ந்திருந்தது. சூரியகாந்தி விதை கொறிப்பு, பேச்சு, காலுக்குள் பூனைகள். எதிரே பழைய நகரத்தின் பின்னால் சூரியன் இறங்கியது. பெரிய விஷயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இஸ்தான்புல் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் புல்தரைதான் ஞாபகம் வருகிறது.

ஒற்றைப்பை:

படகு அம்மாவைப் படித்ததும் எனக்கு வியன்னா ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயும் முன்பின் தெரியாத ஒருவர்தான் ஊரைத் திறந்து காட்டினார்.

வேலை விஷயமாகப் போய் இரண்டு இரவு தங்கினேன். ஓப்பரா என்னும் இசைநாடகம் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கெல்லாம் வசதி வேண்டும் என்று நினைத்திருந்தேன். அங்குள்ள அரசு ஓப்பரா அரங்கில் நின்றுகொண்டு பார்க்க 400க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு என்றும், அந்த டிக்கெட் விலை மிகக் குறைவு என்றும் தங்கிய இடத்தில் சொன்னார்கள். அதற்கான வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் வயதான ஒருவர், கையில் இசைக்குறிப்புப் புத்தகம். உள்ளே போனதும் அவர் முதலில் செய்த காரியம், கழுத்துத் துண்டைக் கழற்றி முன்னால் இருந்த கம்பியில் கட்டியதுதான். எனக்குப் புரியவில்லை. என் கழுத்தில் இருந்ததைக் காட்டி, கம்பியையும் காட்டினார். நானும் கட்டினேன். அவ்வளவுதான், அந்த இடம் உங்களுடையது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். அரங்கம் முழுக்க நிற்கும் பகுதிக் கம்பிகளில் கழுத்துத் துண்டுகளாகவே தொங்கிக்கொண்டிருந்தன. எழுதப்படாத ஒரு விதியை ஊரே இவ்வளவு மரியாதையாகக் காப்பாற்றுவதைப் பார்க்க நெகிழ்ச்சியாக இருந்தது.

நிற்கும் இடத்திலும் சின்னத் திரை உண்டு, பாட்டின் பொருள் அதில் ஓடும். முதல் அரைமணி நேரம் திரையையே பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி கிடையாது என்பது எனக்கு நடுவில்தான் உறைத்தது. அத்தனை பெரிய அரங்கத்தை ஒரு மனிதத் தொண்டை நிரப்புகிறது!

இடைவேளையில் அந்தப் பெரியவர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். 1869இல் திறந்த கட்டடம் அது. 1945இல் குண்டு விழுந்து மேடையும் பார்வையாளர் கூடமும் எரிந்துபோயின. முன்புறமும் பெரிய படிக்கட்டும் தப்பின. மறுபடி திறந்தது 1955இல். அதனால்தான் படிக்கட்டில் அவ்வளவு வேலைப்பாடு, உள்ளே கூடம் மட்டும் எளிமையாக இருக்கிறது. சொல்லித் தெரிந்த பிறகு அந்த வித்தியாசம் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

முடியும்போது கால் கடுத்துப் பசி பிடுங்கியது. அரங்கத்துக்குப் பின்பக்கம் ஒரு தொத்திறைச்சிக் கடை. உள்ளே பாலாடைக்கட்டி வைத்த தொத்திறைச்சியைச் சுட்டு, துண்டாக்கி, கடுகு விழுதோடும் ரொட்டியோடும் தருகிறார்கள். முதல் வரிசையில் பட்டு உடையில் இருந்தவர்களும் டாக்சி ஓட்டுநர்களும் நானும் ஒரே பலகையில் தோளோடு தோள் நின்று சாப்பிட்டோம். கடித்தால் உள்ளிருந்து சூடாகத் தெறிக்கும், பார்த்துக் கடிக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்று: ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் அங்கே வழக்கமான நிகழ்ச்சிகள் கிடையாது.

தேநீர்நேரம்:

சாப்பாட்டுக்காகவே போன ஊர் எனக்கு ஒன்று உண்டு. மலேசியாவில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன். ஒரு வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பினேன். அதற்குள் ஒன்பது வேளை சாப்பிட்டேன் என்றால் நம்புங்கள்.

அங்கே நாசி கண்டார் என்று ஒரு சாப்பாடு. நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்பது தோளில் வைக்கும் காவடித்தடி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அந்தத் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிக்குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதிலிருந்து வந்த பெயர். இப்போது தடி இல்லை, கடைகள் இருக்கின்றன. வரிசையில் நின்றேன். தட்டில் சோறு, மேலே வெண்டைக்காய், கணவாய், பொரித்த கோழி என்று கைகாட்டக் கைகாட்ட வந்தது. பரிமாறியவர் மலாயில் ஏதோ கேட்டார். நான் விழித்ததைப் பார்த்து, "தம்பி, பஞ்சிர் போடவா?" என்றார், தமிழில். பஞ்சிர் என்றால் வெள்ளம். தலையாட்டினேன். நான்கு பாத்திரங்களிலிருந்து நான்கு குழம்புகளை அடுத்தடுத்து சோறு முங்க ஊற்றினார். தனித்தனியாக ருசி பார்க்கலாம் என்று இருந்த எனக்கு முதலில் ஏமாற்றம்தான். இரண்டாவது கவளத்தில் அது போய்விட்டது. கலந்தால்தான் அந்தச் சாப்பாடே.

அடுத்த நாள் காலை வெயிலுக்கு முன்னால் நடந்தேன். 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம், அதே தெருவில் சீனர்களின் கருணைத் தேவி கோயில், ஊதுவத்திப் புகை, கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில், அப்புறம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசல் ஒரு தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவரின் முயற்சியில் எழுந்தது. எல்லாமே நடக்கிற தூரம். அந்த நாலு குழம்பும் ஒரே தட்டில் கலந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. 2008இல் யுனெஸ்கோ இந்த ஊரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது கட்டடங்களுக்காக மட்டும் இல்லை.

சுவரோவியங்களுக்குப் பெரிய வரிசை. சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் ஓவியம் அழகு, நிஜச் சைக்கிளையே சுவரில் பதித்திருக்கிறார்கள். ஆனால் அதன் முன் நிற்கும் நேரத்தில் தேங்காய்ப்பாலும் பனிக்கட்டியும் சேர்த்த செண்டோல் ஒன்று குடித்துவிடலாம் என்பது என் கட்சி.

கடற்காகம்:

என் பெயர் பறவை மேலேயே வந்துவிட்டது, மகிழ்ச்சி!

எங்களுக்குக் கிடைத்தது நாள்கூட இல்லை, ஒரு மாலைதான். சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குப் பத்து மணி நேரம் இருந்தது. கூடவே எழுபது வயது அம்மா. உணவங்காடியில் காலி மேசை ஒன்றில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டு உட்காரப் போனார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "அது ஆள் பிடித்த இடம்மா" என்றார். வியன்னாவில் துண்டு, இங்கே டிஷ்யூ! சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது அங்கே சட்டமே.

அப்புறம் கடற்கரைத் தோட்டத்துக்குப் போனோம். 18 ராட்சத இரும்பு மரங்கள், மேலே நிஜச் செடிகள். இரவு 7.45க்கு இசையோடு விளக்குகள் ஆடத் தொடங்கின. சுற்றிலும் எல்லாரும் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். அம்மாவும் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். பொது இடத்தில் அவர் அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. விளக்கைவிட நான் அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

இரவுரயில்:

எனக்கு ஜப்பானின் கியோத்தோ. ஃபுஷிமி இனாரி கோயிலின் சிவப்புத் தோரண வாயில்களை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். பகலில் போனேன், ஆள் தலை தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கோயிலுக்கு மூடும் நேரம் கிடையாது என்று தெரிந்ததும் மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து போனேன். மலை 233 மீட்டர்தான். அரைமணி நேரத்துக்கு மேல் ஏறியதும் ஊர் முழுக்கத் தெரியும் ஒரு திருப்பம் வந்தது. அங்கே உட்கார்ந்து வெளுப்பதைப் பார்த்தேன்.

சொல்ல வந்தது அது இல்லை. இறங்கும்போதுதான் கவனித்தேன், ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கறுப்பில் எழுத்துகள். ஏறும்போது வெறும் சிவப்பு, இறங்கும்போது மட்டும் எழுத்து. தொழில் நன்றாக அமைய வேண்டியும் அமைந்ததற்கு நன்றியாகவும் கொடுத்தவர்களின் பெயரும் தேதியும் அவை. சில தூண்கள் அடியில் மக்கிப்போயிருந்தன, சில புதுச் சாயத்தில் பளபளத்தன. மரம் கெட்டதும் மாற்றிவிடுவார்களாம். ஒரு பெரியவர் ஒரு தூணின் முன் நின்று கைகூப்பிவிட்டு, அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். நான் சத்தம் வராமல் ஒதுங்கி நடந்தேன். கீழே வந்து சாப்பிட்டது பொரித்த சோயாக்கட்டிப் பைக்குள் வைத்த சோறு. நரிக்கு அது பிடிக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை, அந்தக் கோயிலில் நரிதான் தெய்வத்தின் தூதுவர்.

நிஷிகி சந்தையில் நடந்துகொண்டே சாப்பிடாதீர்கள், வாங்கிய கடை ஓரமாகவே நின்று முடித்துவிடுங்கள்.

ஒற்றைப்பை:

நடைவண்டி, பட்டியல் போட்டுப் போவதை விட்டுவிடாதீர்கள். விடுமுறை நாளை மட்டும் முதலில் பாருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய், அங்கேயே ஓர்சே அருங்காட்சியகம் திங்கள், தாஜ்மகால் வெள்ளி, உங்கள் இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை செவ்வாய். இரண்டு நாள் பயணத்தில் ஒரு மூடிய கதவு என்பது பாதிப் பயணம். உங்களுக்குப் படகு கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்காது.

நடைவண்டி:

ஒத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் லிஸ்பன், இரண்டு இரவு. ஃபாடோ என்னும் போர்ச்சுகல் நாட்டுப் பாட்டைக் கேட்க ஆசை. அல்ஃபாமா பகுதிக்குப் போகலாமா? யாராவது போயிருக்கிறீர்களா?

தேநீர்நேரம்:

போயிருக்கிறேன். அல்ஃபாமாவே போங்கள், முதல் இரவே போங்கள், பிடித்துவிட்டால் அடுத்த இரவும் கையில் இருக்கும். சின்ன இடமாகப் பாருங்கள், பாடுபவரும் கிட்டார்காரர்களும் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். பாட்டு தொடங்கும்போது விளக்கைக் குறைத்துவிடுவார்கள், பரிமாறுவதும் நின்றுவிடும். பேச்சும் கூடாது. அதனால் சாப்பாட்டை முன்பே சொல்லிவிடுங்கள். சுட்ட மத்தி நன்றாக இருக்கும், முள் எடுக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் அதை முதல் பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.