கார் நிறுத்தற கான்கிரீட் தரையில விரிசல்: எந்த விரிசலுக்குக் கவலைப்படணும்?

கேள்வி: 4 இன்ச் தரை, போட்டு எட்டு மாசம். கேட் பக்கம் வலை மாதிரி மயிரிழை விரிசல், நடுவுல குறுக்கே ஒரு நேர்கோடு. எது ஆபத்து?

பதில் 1: வலை மாதிரி இருக்கறது மேல்தோல்ல மட்டும். ஈரம் இழுக்க சிமென்ட் தூவித் தேய்ச்சா, க்யூரிங் (தண்ணி விட்டு ஈரமா வைக்கறது) குறைஞ்சா வரும், விட்டுடுங்க. நடுவுல இருக்கற கோடு, கான்கிரீட் காய்ஞ்சு சுருங்கறதால வர்ற விரிசல். 8-10 அடிக்கு ஒரு ஜாயின்ட், அதாவது நேர்கோட்டுப் பள்ளம், 1 இன்ச் ஆழத்துக்கு வெட்டியிருக்கணும். நாம வெட்டலைன்னா கான்கிரீட்டே வெட்டிக்கும்!

பதில் 2: கோட்டுக்குக் குறுக்கே ஸ்கேலை வச்சுப் பாருங்க சார். ஒரு பக்கம் இறங்கியிருந்தா அடிமண் இறுகலைன்னு அர்த்தம். மேல எதைப் பூசியும் நிக்காது.

கேட்டவர்: சமமாத்தான் இருக்கு. சிமென்ட் பால் ஊத்தலாமா?

பதில் 1: வேண்டாம், வெயில்ல விரிஞ்சு சுருங்கறப்போ உதிர்ந்துடும். அரை இன்ச் அகலத்துக்கு வெட்டி, தூசியை ஊதி, காய்ஞ்சதும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட், அதாவது ரப்பர் மாதிரி வளையற பசை, அடைங்க.

பதில் 2: கம்பி போட்ட தரைன்னா, பழுப்புக் கறை கசியுதான்னும் பாருங்க. கசிஞ்சா துரு, சீலன்ட் போதாது.