பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர் இல்ல, வங்கிக் கணக்கு திறக்க வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன், அக்கா எல்லாருக்கும். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து முதுகலை படிக்க சிங்கப்பூர் வந்து ரெண்டு வாரம் ஆகுது. ஸ்டூடண்ட் பாஸ், அதாவது இங்க தங்கிப் படிக்கிற அனுமதி, வந்துடுச்சு (2023-லிருந்து அது டிஜிட்டல்தான், கையில அட்டை கிடையாது). ஃபின் நம்பரும் (வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற அடையாள எண்) இருக்கு.

பிரச்சினை பேர்ல. நம்ம ஊர் வழக்கப்படி என் பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர்ங்கிற இடம் காலி. ஒரு வங்கியோட ஆப், அந்தக் கட்டத்தை நிரப்பாம அடுத்த பக்கத்துக்கே விடல. அப்பா பேரைப் போட்டேன். மூணு நாள் கழிச்சு, பாஸ்போர்ட்டோட பொருந்தலன்னு நிராகரிச்சுட்டாங்க. வெறும் புள்ளி வச்சுப் பார்த்தேன், அதையும் ஏத்துக்கல. அப்பாகிட்ட சொன்னா, "என் பேர்ல என்னடா குறை?"ங்கிறார்.

சிங்பாஸ் (அரசோட டிஜிட்டல் அடையாளக் கணக்கு) வழியா போனா, அரசுகிட்ட இருக்கிற நம்ம விவரத்தை எடுத்துத் தர்ற மைஇன்ஃபோவே பேரை நிரப்பிடும்னு அறைத்தோழன் சொல்றான். அப்படிப் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா? பேர் எப்படி வந்துச்சு? இல்ல, பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு நேரா கிளைக்கே போயிடட்டுமா?

இன்னொண்ணு. குறைந்தபட்ச இருப்பு இல்லேன்னா மாசக் கட்டணம் பிடிக்காத மாணவர் கணக்கு எந்த வங்கியில இருக்கு? மாசக் கடைசியில என் கையில நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தங்கினாலே பெரிய விஷயம்.

அவசரம் ஏன்னா, வீட்டுக்காரம்மா வாடகையை பேநவ்ல (வங்கிக் கணக்கு வழியா உடனே பணம் அனுப்புற வசதி) மட்டும்தான் வாங்குறாங்க. இந்த மாசம் அறைத்தோழன் கட்டினான். நான் தேக்காவுல (லிட்டில் இந்தியா பகுதி) பணம் மாத்தி அவன் கையில கொடுத்தேன். அடுத்த மாசமும் அவன்கிட்ட போய் நிக்கக் கூச்சமா இருக்கு.