ஃபோம் ஷீட்டில் 2 அடி கோட்டை: எந்த ஷீட், எந்தப் பசை, எந்தப் பெயின்ட்?

பசுமலை_பகடை:
வணக்கம். 28 மிமீ உருவங்களை வைத்து ஆடும் மேசைப் போர் விளையாட்டுக்கு ஒரு கோட்டை செய்ய வேண்டும். மொத்த அளவு 60 × 60 செமீ. நான்கு மூலையிலும் திருமயம் கோட்டையில் இருப்பதுபோல வட்டக் கொத்தளம், இடையில் நேர் மதில், ஒரு பக்கம் வாசல். பைக்கில் கொண்டுபோக வேண்டியிருப்பதால் கழற்றி மாட்டும்படி இருந்தால் நல்லது. மதில்மேல் 25 மிமீ பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு) உள்ள வீரர்கள் நிற்க வேண்டும்.

மதுரையில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைப்பது தெர்மாகோலும் சன்போர்டும் (பிவிசி ஃபோம் பலகை)தான். அவை போதுமா, எக்ஸ்பிஎஸ் (வெப்பத்தடுப்புக்குப் போடும் கெட்டி ஃபோம் பலகை) தேட வேண்டுமா? ஃபெவிக்கால் மட்டும் போதுமா? ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா? கொத்தளத்தை வட்டமாகக் கொண்டுவருவது எப்படி?

கீழவெளி:
மதிலுக்கு எக்ஸ்பிஎஸ்தான். தெர்மாகோல் என்பது மணிகளை ஊதி ஒட்டவைத்த பலகை. கத்தி பட்டால் மணி உதிரும், பேனாவால் கீறினால் கோடு பிய்ந்துகொண்டு போகும். எக்ஸ்பிஎஸ் முழுக்க ஒரே கட்டி. அழுத்திய தடம் அப்படியே பதிந்து நிற்பதால் கல்வரிசையை பால்பாயிண்ட் பேனாவாலேயே வரைந்துவிடலாம். ஸ்டேஷனரி கடையில் இது இருக்காது. கோல்டு ரூம் போடுபவர்கள், மொட்டைமாடி வெப்பத்தடுப்பு வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் 1250 × 600 மிமீ பலகையாக வரும். 25 மிமீ தடிப்பில் ஒன்று போதும்.

கணக்கு இப்படி. கொத்தளம் 120 மிமீ விட்டம் என்றால் இரண்டுக்கும் இடையே 360 மிமீ மிஞ்சும். ஆனால் மதிலின் முனை வட்டத்தில் போய் உட்கார வேண்டும். 50 மிமீ தடிப்புள்ள மதிலுக்கு ஓரங்களில் பக்கத்துக்கு ஐந்தரை மிமீ கூடுதல் தேவை. அதனால் 372 × 130 மிமீ அளவில் 8 துண்டு வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டுங்கள். ஒரு பலகையில் இந்த அளவில் 12 துண்டு வரும். மீதி நான்கில் வாசல், கைப்பிடிச் சுவர், கொத்தளத்தின் மேல்தளம் எல்லாம் முடிந்துவிடும். 50 மிமீ தடிப்பில் வெளி ஓரம் 12 மிமீ கைப்பிடிச் சுவருக்குப் போனாலும் 38 மிமீ நடைபாதை இருக்கும். 32 மிமீ பேஸ்கூடத் தாராளமாக நிற்கும்.

வெட்டும்போது கட்டர் பிளேடை நீளமாக வெளியே இழுத்து, பலகைமேல் நன்றாகச் சாய்த்துப் பிடித்து, மூன்று நான்கு தடவையாக இழுங்கள். செங்குத்தாகக் குத்தி ஒரே இழுப்பில் வெட்டினால் அடிப்பக்கம் கடித்துக் கடித்து வரும். எக்ஸ்பிஎஸ் பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். முனையை உடைத்துவிடத் தயங்க வேண்டாம்.

பசைக்கு ஃபெவிக்கால் சரி. ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே முழுக்கத் தடவி மூடினால் காற்று போக வழியில்லாமல் நடுப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மேலே இருக்கும் வழுவழுப்பான தோலை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மெல்லிய கோடுகளாகப் பசையிட்டு, பல்குத்தும் குச்சி நாலைந்து செருகி, மேலே பாரம் வையுங்கள். ஃபெவிக்விக், மஞ்சள் ரப்பர் பசை இரண்டும் வேண்டாம். எக்ஸ்பிஎஸ், தெர்மாகோல் இரண்டுமே பாலிஸ்டைரீன். அந்தப் பசைகள் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும்.

28 மிமீ உருவத்துக்குக் கல்வரிசை 10 முதல் 12 மிமீ உயரம் இருக்கட்டும். மேல்வரிசை இணைப்பு கீழ்வரிசை இணைப்புக்கு நேராக வரக் கூடாது. பிறகு அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மதில்மேல் உருட்டுங்கள்; கருங்கல்லின் சொரசொரப்பு வந்துவிடும்.

தெற்குவாசல்_தச்சன்:
தம்பி, வட்டக் கொத்தளத்துக்கு எக்ஸ்பிஎஸ்ஸை வளைக்க மெனக்கெடாதீங்க, ஒடிஞ்சிரும். 110 மிமீ பிவிசி பைப் ஒரு மீட்டர் வாங்கி, 18 செமீ துண்டா நாலு அறுத்துக்குங்க. அதுமேல 5 மிமீ ஈவா ஷீட்டை (ரப்பர் மாதிரி வளையிற ஃபோம்) சுத்தினா சரியா 120 மிமீ வந்துரும். பைப்போட எடையால கொத்தளமும் சாயாது.

ஈவா துண்டு 362 × 180 மிமீ. ஒட்டுறதுக்கு முன்னாடியே கல் இணைப்புகளை பிளேடால ஒரு மிமீ ஆழத்துக்குக் கீறி, ஹீட் கன் காட்டுங்க. கீறல் தானா வாய் திறந்து கோடு பளிச்சுனு தெரியும். பேனாவால அழுத்தினா ஈவா மறுபடி எழும்பிரும், அதனால பிளேடுதான். பைப்பை உப்புத்தாளால சொரசொரப்பாக்கி, இங்க மட்டும் ரப்பர் பசை போடலாம்: ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத பதம் வந்ததும் சுத்துங்க. ஒட்டின பிறகு நகர்த்த முடியாது, அதனால முதல் விளிம்பை நேர்க்கோட்டுல பிடிக்கணும். மிஞ்சினதைக் கடைசியில சீவிருங்க.

மேல்தளத்துக்கு எக்ஸ்பிஎஸ்ல பைப்போட உள்விட்டத்தைவிட ஒரு மிமீ பெரிய வட்டம் வெட்டி, விளிம்புல இருந்து 20 மிமீ கீழே நிக்கிற மாதிரி அழுத்திச் செருகுங்க. பசையே வேண்டாம். மேல நிக்கிற 20 மிமீதான் கைப்பிடிச் சுவர். ஹேக்சாவால பல் பல்லா வெட்டிக்கலாம். ரப்பர் பசையோட வாடை முழுசாப் போன பிறகு செருகுங்க, இல்லைன்னா அந்த ஆவியே வட்டத்தைத் தின்னுரும்.

மதில் முனையைக் குடைய, ஈவா சுத்தின கொத்தளத்துமேலயே உப்புத்தாளைச் சுத்தி, மதிலை அதுல தேய்ங்க. ரெண்டும் பொருந்தி உட்காரும்.

ஆனையூர்:
தெர்மாகோலை முற்றாகத் தள்ள வேண்டாம். கோட்டை நிற்கும் பாறைக்கும் மேட்டுக்கும் அதுவே போதும், விலையும் குறைவு. கத்திக்குப் பதில் சூட்டுக் கம்பியால் வெட்டினால் மணி உதிராது. 28 கேஜ் நிக்ரோம் கம்பி (ஹீட்டர் சுருளில் இருக்கும் கம்பி) 20 செமீ என்றால் சுமார் 2 ஓம் வரும். இதற்கு 12 வோல்ட் நேராகக் கொடுத்தால் 6 ஆம்பியர் பாய்ந்து கம்பி செக்கச்செவேல் என்று சிவந்துவிடும். 5 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளை) சரியாக இருக்கும். கம்பி சிவக்கவே கூடாது. புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். சூட்டில் கம்பி நீண்டு தொய்வதால் ஒரு முனையில் ஸ்பிரிங் கட்டாயம், இல்லாவிட்டால் வெட்டு நடுவில் வளைந்து போகும். அந்தப் புகை மூச்சுக்கு நல்லதல்ல. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

அவசரத்துக்கு ஹாட் க்ளூவும் பயன்படுத்தலாம்.

கீழவெளி:
ஹாட் க்ளூவை மட்டும் நம்ப வேண்டாம். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இளகி இணைப்பு நகர்ந்துவிடும். ஃபெவிக்கால் காயும்வரை பிடித்துக்கொள்ள இரண்டு பொட்டு வைப்பதோடு சரி.

பசுமலை_பகடை:
மிக்க நன்றி. பெயின்டும் கழற்றி மாட்டுவதும்தான் பாக்கி.

கீழவெளி:
ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் கரைப்பான் ஃபோமைத் தின்னும். மேலே பூச்சு இருந்தால் போதும் என்று அடிப்பவர்கள் உண்டு. அம்புத் துளைக்குள்ளேயோ அடி மூலையிலேயோ பூச்சு படாத ஊசிமுனை இடம் ஒன்று இருந்தால் அங்கிருந்து உள்ளே குடைந்துவிடும். ஸ்ப்ரேயே இல்லாமல் முடியுங்கள். ஃபெவிக்கால் ஒரு பங்கு, கறுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, பிரஷ் ஓடும் அளவு தண்ணீர். முதல் கை நீர்க்க, கல் இடுக்கெல்லாம் இறங்கும்படி. இரண்டாவது கை கெட்டியாக. காய்ந்ததும் சாம்பல் நிற எமல்ஷனை அரைகுறையாகத் துடைத்த பிரஷில் மேலோட்டமாக இழுத்து, அதன்மேல் இன்னும் வெளிறிய சாம்பலை விளிம்புகளில் மட்டும் தொடுங்கள். கடைசியில் தண்ணீரில் கலக்கும் மேட் வார்னிஷ் ஒரு கை. அது இல்லாவிட்டால் ஐப்பசி மழை ஈரத்தில் ஃபெவிக்கால் பூச்சு பிசுபிசுக்கும்.

அடித்தளத்துக்கு 5 மிமீ சன்போர்டு போடுங்கள், ஈரத்தில் வளையாது. அட்டை வளையும்.

மதிலையும் கொத்தளத்தையும் சேர்க்க 5 × 2 மிமீ காந்தம், ஒரு இணைப்புக்கு மேலொன்று கீழொன்று. காந்தத்தை ஃபோமில் நேராக ஒட்டினால் நாலு தடவை கழற்றுவதற்குள் பிடுங்கிக்கொண்டு வரும். சன்போர்டு துண்டில் ஃபெவிக்விக்கால் பதித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு அந்தத் துண்டை மதிலில் ஃபெவிக்காலால் புதையுங்கள். எந்த மதிலும் எந்த இடத்திலும் பொருந்த வேண்டுமானால், எல்லா மதிலுக்கும் இடது முனையில் வடதுருவம், வலது முனையில் தென்துருவம் வெளியே பார்க்க வேண்டும். பதிக்கும் முன்பே மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.