சலிபாவை மூணு தடவை லோன்ல அனுப்பினது நல்லதா போச்சா, இல்ல வீணான வருஷங்களா?

பின்வரிசை:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற கேள்வி இது. பிரான்ஸ் டிஃபண்டர் வில்லியம் சலிபாவை லண்டன் கிளப் ஆர்சனல் வாங்கினது 2019 ஜூலைல, அப்போ அவருக்கு 18 வயசுதான், சுமார் 27 மில்லியன் பவுண்டுன்னு சொன்னாங்க. ஆனா அந்த ஜெர்சில முதல் லீக் மேட்ச் ஆடினது 2022 ஆகஸ்ட் 5, கிரிஸ்டல் பேலஸ் கூட. நடுவுல மூணு வருஷம் செயின்ட் எட்டியென், நீஸ், மார்செய்னு பிரான்ஸ் கிளப்புகள்ல பெரும்பாலும் லோன்லயே போச்சு, அதாவது ஆர்சனல் ஆளாவே இருந்துக்கிட்டு தற்காலிகமா வேற கிளப்புக்கு ஆடறது. அந்த அலைச்சல்தான் அவரை ஆளாக்குச்சுன்னு ஒரு குரூப் சொல்றாங்க, திறமை அப்பவே இருந்துச்சு கிளப்புக்குத்தான் கண்ணு தெரியலன்னு இன்னொரு குரூப் சொல்றாங்க. நான் கேக்கறதுக்குக் காரணம் என் தம்பி. 18 வயசு, சென்டர் பேக் (கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கற டிஃபண்டர்), பெரிய டீம்ல சேர்ந்துட்டான், ஆனா ஒரு சீசன் முழுக்க பெஞ்சுலதான் உக்காந்திருக்கான், இப்ப சின்ன டீமுக்குப் போய் ஆடறியான்னு கேக்கறாங்க, அவன் அதை அவமானமா நினைக்கறான். சலிபாவோட கதையை ஒழுங்கா தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவன்கிட்ட காட்டணும்.

பச்சைச்சட்டை:
ப்ரோ, நான் செயின்ட் எட்டியென் காலத்துலேர்ந்து பாக்கறேன், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க. பையன் பிறந்தது 2001, பாரிஸ் பக்கத்துல இருக்கற போண்டி. எம்பாப்பேவும் அதே ஊர்தான், எம்பாப்பேவோட அப்பாதான் சின்ன வயசுல சலிபாவுக்கும் கோச். 2016ல செயின்ட் எட்டியென் அகாடமிக்கு வந்தார், 2018 செப்டம்பர்ல துலூஸ் கூட முதல் மேட்ச், அப்போ வயசு 17. அந்த சீசன் லீக்ல 16 மேட்ச் ஆடினார், டீம் நாலாவது இடத்துல முடிச்சுச்சு. 17 வயசுப் பையனை சென்டர் பேக்கா நிறுத்தறதுக்கே தைரியம் வேணும், ஏன்னா ஸ்ட்ரைக்கர் தப்பு பண்ணா சான்ஸ் போகும், டிஃபண்டர் தப்பு பண்ணா கோல் போகும்.

இப்ப லோன் விஷயம். மூணையும் ஒரே மூட்டையா கட்டாதீங்க. முதல் லோன் டீல்லயே இருந்தது, வாங்கின கையோட ஒரு வருஷம் அதே கிளப்ல விட்டுட்டாங்க. காயம், அப்புறம் கோவிட்னு லீகையே பாதில நிறுத்திட்டாங்க, 12 லீக் மேட்ச்தான் கிடைச்சுது. அதை விட வலி என்னன்னா 2020 ஜூலைல பிரெஞ்சு கப் ஃபைனல், செயின்ட் எட்டியென் பிஎஸ்ஜி கூட ஆடுச்சு, லோன் டைம் முடிஞ்சு போச்சு, ரெண்டு கிளப்பும் பேசி ஒத்து வரல, அதனால ஃபைனலுக்கு வளர்த்த கிளப் பக்கம் நிக்க முடியல. 1-0ன்னு தோத்தாங்க. 19 வயசுல அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

உண்மையிலயே வீணான காலம்னு நான் சொல்றது அதுக்கு அப்புறம் வந்த ஆறு மாசத்தை. லண்டன் வந்தார், யூரோப்பா லீக்ங்கற ஐரோப்பிய கிளப் போட்டிக்கான வீரர் லிஸ்ட்ல பேர் இல்ல, சீனியர் டீம்ல ஒரு நிமிஷம் கூட ஆடல. லோன் அவமானம் இல்ல ப்ரோ, இதுதான் அவமானம். 2021 ஜனவரில நீஸ் போனதும் உடனே லீக்ல 20 மேட்ச் ஆடிட்டார். அடுத்த சீசன் மார்செய், 38ல 36 லீக் மேட்ச், டீம் ரெண்டாவது இடம், லீகோட சிறந்த இளம் வீரர் விருது, 2022 மார்ச்ல பிரான்ஸ் டீம்ல முதல் மேட்ச், அதுவும் மார்செயோட அதே வெலோட்ரோம் மைதானத்துல. மார்செய் ரசிகர்கள் முன்னாடி வாராவாரம் ஆடறது சாதாரண விஷயம் இல்ல, ஒரு தப்பு பாஸ் போனா மைதானமே விசில் அடிக்கும். அங்க தாக்குப் பிடிச்சவனுக்கு ஆர்சனலோட எமிரேட்ஸ் மைதானம் பெரிசா தெரியாது. தம்பிகிட்ட காட்டணும்னா அந்த மார்செய் வருஷத்தைக் காட்டுங்க.

ஸ்டாப்பர்நாலு:
பச்சைச்சட்டை நண்பர் சொன்னதோட ஒத்துப்போறேன், நான் ஆட்டத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். நானும் வார இறுதில சென்டர் பேக் ஆடறவன், அதனால பந்தை விட்டுட்டு இவரோட காலையே பாத்துட்டு இருப்பேன். அவர் கீழ விழுந்து டேக்கிள் போடறது ரொம்ப அபூர்வம். ஸ்ட்ரைக்கர் பந்தோட வரும்போது நேரா நிக்க மாட்டார், உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பி, முட்டியை லேசா மடக்கி, ஒரு கை தூரம் விட்டுட்டு பின்னாடியே போயிட்டு இருப்பார். எதிராளி பந்தை ஒரு அடி அதிகமா தள்ளற அந்த நொடி வரைக்கும் காத்திருப்பார், தள்ளினதும் இடுப்பை உள்ள விட்டு பந்துக்கும் ஆளுக்கும் நடுவுல வந்துடுவார், ஃபவுலே இருக்காது. நாங்கெல்லாம் அந்த நொடிக்கு முன்னாடியே அவசரப்பட்டு காலை நீட்டி ஏமாந்து போறவங்க. 2024 மார்ச் 31, எத்திஹாட்ல மான்செஸ்டர் சிட்டி கூட 0-0, அந்த மேட்சை முழுசா போட்டுப் பாருங்க, சிட்டி ஸ்ட்ரைக்கர் ஹாலண்டை இவரும் பக்கத்துல ஆடற இன்னொரு சென்டர் பேக் கேப்ரியலும் சேர்ந்து எப்படிப் பாத்துக்கறாங்கன்னு தெரியும். கேப்ரியல் இடது கால்காரர், முன்னாடி போய் மோதற ஆள், சலிபா பின்னாடி இருக்கற காலி இடத்தைக் காப்பாத்தற ஆள். அந்த வேகம் இருக்கறதாலதான் ஆர்சனல் அவ்ளோ மேல ஏறி டிஃபன்ஸ் லைன் போட முடியுது.

இவர் இல்லாம என்ன ஆகும்னு 2023லயே பாத்தாச்சு. மார்ச் 16 போர்ச்சுகல் கிளப் ஸ்போர்ட்டிங் கூட மேட்ச், இருபது நிமிஷம் சுமாருக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு வெளிய போனார், அந்த சீசன் திரும்பி வரவே இல்ல. லீக்ல முதல் இடத்துல இருந்த டீம் லிவர்பூல் கூட 2-2, வெஸ்ட் ஹாம் கூட 2-2, சவுத்தாம்ப்டன் கூட 3-3, அப்புறம் சிட்டிகிட்ட 4-1 தோல்வி. எல்லாத்துக்கும் அவர் இல்லாததுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா பின்னாடி ஆட்டம் கண்டது எல்லாருக்கும் தெரிஞ்சுது. அடுத்த சீசன் 38 லீக் மேட்ச்லயும் ஒரு நிமிஷம் விடாம ஆடினார், டீம் மொத்தமா வாங்கின கோல் 29தான்.

நடுக்கோடு:
பாஸ், நான் கொஞ்சம் வேற பக்கம் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. குறையே இல்லாத ஆள்ங்கற மாதிரி சொல்லாதீங்க, தம்பிக்குக் காட்டறதா இருந்தா அதையும் காட்டணும். 2024 அக்டோபர்ல போர்ன்மத் கூட அரை மணி நேரத்துலயே ரெட் கார்டு, சக வீரர் ட்ரொசார்டோட மோசமான பேக் பாஸ்ல போர்ன்மத் ஸ்ட்ரைக்கர் எவனில்சன் தாண்டி ஓடும்போது பிடிச்சு இழுத்தார், முதல்ல மஞ்சள், விஏஆர் (வீடியோ ரெஃப்ரி) பாத்துட்டு சிவப்பு. 2-0 தோல்வி, அடுத்த லீக் மேட்ச் லிவர்பூல் கூட, அதுலயும் ஆட முடியல. 2025 ஏப்ரல்ல ரியல் மாட்ரிட்டோட பெர்னபேவ் மைதானத்துல, சாக்கா ஆர்சனலுக்கு கோல் அடிச்ச சூடு கூட ஆறல, பந்தைக் கால்ல ஒரு நொடி அதிகமா வெச்சிருந்தார், மாட்ரிட்டோட வினிசியஸ் பிடுங்கி காலி கோல்ல போட்டுட்டார். நல்லவேளை அன்னிக்கு 2-1ன்னு ஜெயிச்சு சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் போனாங்க. ரொம்ப நிதானமா ஆடறதுல இருக்கற ஆபத்து இதுதான். பிரான்ஸ் கோச் டெஷாம்ப் கூட ரொம்ப நாள் இவரை முழுசா நம்பல, பிடிக்காத சில விஷயங்கள் இருக்குன்னு வெளிப்படையாவே சொன்னார். ஆனா யூரோ 2024ல இன்னொரு சென்டர் பேக் உபமெகானோவோட சேர்த்து எல்லா மேட்சும் ஆட வெச்சார், செமி ஃபைனலுக்கு முன்னாடி அஞ்சு மேட்ச்ல பிரான்ஸ் வாங்கினது ஒரே கோல், அதுவும் போலந்துக்குக் கொடுத்த பெனால்ட்டி.

பின்வரிசை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உண்மையா சொல்றேன் இவ்ளோ எதிர்பாக்கல. நடுக்கோடு பாஸ், நீங்க சொன்ன பெர்னபேவ் கிளிப்பை தம்பி ஏற்கெனவே பாத்திருக்கான், அவனும் போன மாசம் பயிற்சி மேட்ச்ல அதே தப்பு பண்ணான், அதுலேர்ந்து பந்து வந்தாலே பயந்து அடிச்சு வெளிய அனுப்பிடறான். தப்பு பண்ணினதுக்கு அப்புறம் சலிபா எப்படி ஆடினார்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?

பச்சைச்சட்டை:
இருக்கு ப்ரோ. 2022 ஆகஸ்ட், எமிரேட்ஸ்ல அவரோட முதல் லீக் மேட்ச், லெஸ்டர் கூட. ஒரு பந்தைத் தலையால தட்டப் போய் சொந்த கோல்லயே போட்டுட்டார். ரசிகர்கள் திட்டல, உடனே அவர் பேரைச் சொல்லிப் பாட ஆரம்பிச்சாங்க. அடுத்த வாரம் போர்ன்மத் கூட, பெனால்ட்டி பாக்ஸ் ஓரத்துல நின்னு, பந்து வந்த வேகத்துலயே இடது காலால வளைச்சு மேல் மூலைல போட்டார். வலது கால்காரர் ப்ரோ அவர். இந்த ரெண்டையும் அடுத்தடுத்து தம்பிக்குப் போட்டுக் காட்டுங்க. சின்ன டீமுக்குப் போற விஷயத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க: அங்க வாராவாரம் ஆட விடுவாங்களா? விடுவாங்கன்னா யோசிக்காம பையை கட்டச் சொல்லுங்க.