மறு: ‘எய்ர் அப்பாரன்ட்’, ‘எய்ர் பிரிசம்ப்டிவ்’ – தமிழில் எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரின் முதல் பகுதிக்குத் தமிழில் கதைச்சுருக்கம் எழுதும்போது எழுந்த ஐயத்தில் தொடங்கிய இழை, இப்போது டிராகனுக்குத் தமிழ் என்ன என்பதில் வந்து நிற்கிறது. டிராகன் டிராகனாகவே இருக்கட்டும். யாளி என்றால் கோயில் தூண்தான் கண்ணில் வருகிறது. முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம்: அரியணைக்கு அடுத்து நிற்பவர்களில், இனி யார் பிறந்தாலும் இடம் போகாதவர் ‘எய்ர் அப்பாரன்ட்’, முந்துகிற இன்னொருவர் பிறந்தால் இடம் போகக்கூடியவர் ‘எய்ர் பிரிசம்ப்டிவ்’. இந்த இரண்டையும் தமிழில் எப்படிப் பிரித்துச் சொல்வது?

> இரண்டுக்குமே ‘வாரிசு’ என்று போட்டால் போதாதா? படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்.

வேறு தொடராக இருந்தால் நானும் சரி என்று விட்டிருப்பேன். இந்தப் பகுதியின் கதையே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

விசெரிஸ் அரசர். அவருக்கு ரெய்னிரா என்று ஒரே மகள். ஆண் பிள்ளை இல்லை. ஆகவே தம்பி டேமன்தான் அடுத்து என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அரசி ஏமா நிறைமாதம். பிறப்பது ஆண்தான் என்று அரசருக்கு அசையாத நம்பிக்கை. பிள்ளை பிறக்கும் முன்பே அதன் பெயரில் போட்டி விளையாட்டு ஏற்பாடாகிவிட்டது. களத்தில் ஈட்டி முறிந்துகொண்டிருக்கும்போது உள்ளே பேறு சிக்கலாகிறது. ஏமாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவள் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கிறார்கள். தாய் போய்விடுகிறாள். பேலன் என்று பெயரிட்ட அந்த ஆண் குழந்தையும் சில மணி நேரத்தில் போய்விடுகிறது. அப்புறம் டேமன் கேளிக்கை விடுதியில் உட்கார்ந்து அந்தக் குழந்தையை ‘ஒருநாள் வாரிசு’ என்று சொல்லி மது உயர்த்தினான் என்ற செய்தி அரண்மனைக்கு வருகிறது. அந்தச் சொல்தான் விசெரிஸை உடைக்கிறது. தம்பியைத் துரத்திவிட்டு மகளை வாரிசாக அறிவிக்கிறார். பிரபுக்கள் வரிசையாக வந்து மண்டியிட்டு உறுதிமொழி எடுக்கிறார்கள்.

இதை ஒரே ‘வாரிசு’ வைத்துச் சொல்லிப் பாருங்கள். குழந்தை பிறக்கும் முன் டேமன் வாரிசு. பிறந்ததும் குழந்தை வாரிசு. இறந்ததும் டேமன் மறுபடி வாரிசு. அப்புறம் ரெய்னிரா வாரிசு. நான்கு இடத்திலும் ஒரே சொல், நான்கிலும் பொருள் ஒன்றல்ல. டேமனுடைய உரிமை எப்போது வேண்டுமானாலும் கலையக்கூடியது. அண்ணனுக்கு ஒரு மகன் பிறந்தால் அவ்வளவுதான். பேலனுடைய உரிமை அப்படியல்ல. அவன் உயிரோடு இருக்கும் வரை அவனை முந்த இன்னொருவர் பிறக்கவே முடியாது. ஆங்கிலச் சட்டத்தில் டேமன் இருந்த நிலைக்கு ‘எய்ர் பிரிசம்ப்டிவ்’, பேலன் இருந்த நிலைக்கு ‘எய்ர் அப்பாரன்ட்’. டேமனின் குடிகாரக் கேலியில் இருக்கும் நஞ்சே, தன் இடத்தைப் பறித்த பயல் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை என்பதுதான்.

நம் ‘வாரிசு’ இந்த வேறுபாட்டை ஏன் தாங்குவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மனைவி, மகன், மகள், தாய் என்று எல்லோர் பெயரும் ஒரே தாளில் இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாரிசு, சொத்து பங்காகும். அரியணை பங்காகாது. ஒருவர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். பங்கு பிரிக்கும் வழக்கத்தில் புழங்கிய சொல்லுக்கு வரிசையின் நுணுக்கம் தெரியாததில் வியப்பில்லை. ஜமீன்களில் மட்டும் இந்த ஒற்றை ஆள் முறை நம்மிடமும் இருந்தது. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-இல் ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தார். உடன்பிறந்தவரின் மகன் வந்து ஜமீனில் உட்கார்ந்தார். மகள் காத்தம நாச்சியார் நடத்திய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-இல்தான் அவர் பக்கம் தீர்ந்தது. டிராகன் மட்டும்தான் இல்லை.

> ‘வெளிப்படை வாரிசு’, ‘அனுமான வாரிசு’ என்று மூலத்தை ஒட்டியே வைத்துவிடலாம்.

வைக்கலாம், ஆனால் கேட்கிறவருக்கு என்ன புரியும்? வெளிப்படை என்றால் மறைக்காதது. அப்படியானால் இன்னொருவர் கள்ள வாரிசா என்று கேட்பார்கள். ‘அனுமான வாரிசு’ அதைவிட மோசம்: இவர் வாரிசுதானா என்பதிலேயே ஐயம் இருப்பதுபோல ஒலிக்கிறது. டேமன் வாரிசு என்பதில் அன்றைக்கு யாருக்கும் ஐயம் இல்லை. அது நாளைக்கும் நிலைக்குமா என்பதில்தான் ஐயம்.

‘தற்காலிக வாரிசு’ என்று இன்னொரு நண்பர் சொன்னது கிட்டத்தில் வருகிறது. ஆனால் தற்காலிகம் என்றால் முடியும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் எலிசபெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1936 டிசம்பரில் தந்தை ஆறாம் ஜார்ஜ் அரசரானதிலிருந்து 1952 பிப்ரவரியில் அவர் இறக்கும் வரை எலிசபெத் பிரிசம்ப்டிவ்தான். அப்பாரன்ட் ஆகவே இல்லை. ஒரு தம்பி பிறந்திருந்தால் வரிசையில் பின்னால் போயிருப்பார். பிறக்கவில்லை, அரசியானார். அவரைத் தற்காலிக வாரிசு என்று எழுதினால் அபத்தமாக இருக்கும்.

என் பரிந்துரை இது. பிரிசம்ப்டிவுக்கு ‘நடப்பு வாரிசு’. அப்பாரன்டுக்கு ‘அறுதி வாரிசு’.

நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு எல்லாம் இருக்கட்டும், எனக்கு இதைத் தந்தது விளையாட்டுப் பக்கம். ‘நடப்புச் சாம்பியன்’ என்று தினமும் படிக்கிறோம். பட்டம் இன்றைக்கு அவருடையது, அதில் குறை ஏதும் இல்லை, அடுத்த போட்டியில் போகலாம், போகாமலும் இருக்கலாம். டேமனுக்கும் எலிசபெத்துக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. அறுதி என்பது அறுதிப் பெரும்பான்மையில் இருக்கிறது, அறுதியிட்டுச் சொல்வதில் இருக்கிறது, திரும்பக் கேட்க முடியாத அறுதிக் கிரயத்தில் இருக்கிறது. இனி யார் பிறந்தாலும் மாறாது என்பது அதில் வந்துவிடுகிறது. 1952 முதல் 2022 வரை சார்லஸ் அறுதி வாரிசு.

ஒரு தடை எழும் என்று தெரியும். அறுதி வாரிசு தந்தைக்கு முன்பே இறந்துவிட்டால்? இறக்கலாம். பேலனே இறந்தான். இங்கே அறுதி என்பது பிறப்பால் அசைக்க முடியாது என்பதற்கு மட்டும்தான், சாவுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

> ‘பட்டத்து இளவரசர்’ என்று அழகான சொல் இருக்கும்போது இது எதற்கு?

சொல் அழகுதான், நாளிதழ்களிலும் புழங்குகிறது. ஆனால் டேமன் இளவரசன், பட்டத்துக்கும் அடுத்தவன், இருந்தும் பட்டத்து இளவரசன் இல்லை. பட்டம் என்பது கட்டுவது. சோழர்கள் அதைத்தான் செய்தார்கள்: முதலாம் ராஜராஜன் உயிரோடு இருக்கும்போதே 1012-இல் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். ராஜேந்திரனும் தன் காலத்திலேயே, 1018-இல், ராஜாதிராஜனுக்குக் கட்டினான். தந்தையும் மகனும் சேர்ந்தே ஆள்வதால், தந்தை கண்ணை மூடும் அன்றைக்கு ‘அடுத்து யார்’ என்ற கேள்வியே எழாது. நடப்பு, அறுதி என்று பிரித்துப் பேசும் தேவை நம் மொழியில் பெரிதாக வராததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

விசெரிஸ் இதைச் செய்யவில்லை. மண்டியிட வைத்தார், உறுதிமொழி வாங்கினார், அதோடு விட்டுவிட்டார். தொடருக்கு அடிப்படையான இங்கிலாந்து வரலாற்றிலும் இதுவேதான். முதலாம் ஹென்றியின் ஒரே முறையான மகன் 1120-இல் ‘வெள்ளைக் கப்பல்’ கவிழ்ந்து இறந்தான். ஹென்றி தன் மகள் மட்டில்டாவுக்காகப் பிரபுக்களிடம் உறுதிமொழி வாங்கினார். 1135 டிசம்பர் முதல் நாள் ஹென்றி இறந்தார். அந்த மாதம் முடியும் முன்பே, உறுதிமொழி எடுத்தவர்களில் ஒருவரான ஸ்டீபன், மட்டில்டாவின் அத்தை மகன், முடிசூடிக்கொண்டார். அப்புறம் பல ஆண்டு உள்நாட்டுப் போர். 1154-இல் மட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி அரசரானார். தாய் பட்டது நினைவில் இருந்ததோ என்னவோ, 1170-இல் அவர் தன் மகனுக்குத் தன் காலத்திலேயே முடி சூட்டினார். அந்த மகன் அப்பாவோடு சண்டை போட்டு அவருக்கு முன்பே இறந்துபோனது வேறு கதை.

அப்படியானால் ரெய்னிராவை என்ன சொல்வது? இங்கேதான் மூன்றாவதாக ஒரு சொல் தேவைப்படுகிறது. அவள் பிறப்பால் வந்த வரிசைப்படி வாரிசு இல்லை. தொடர் தொடங்கும்போதே ஹாரன்ஹால் பெருமன்றம் அதைக் காட்டிவிடுகிறது. மூத்த வழியில் வந்த ரெய்னிஸை விட்டுவிட்டு, ஆண் என்பதால் விசெரிஸைத் தேர்ந்தெடுத்த மன்றம் அது. அதே விசெரிஸ் இப்போது தன் மகளை அறிவிக்கிறார். இது ‘நியமன வாரிசு’. நியமன உறுப்பினர் என்று சட்டமன்றத்துக்குச் சொல்கிறோமே, அதே நியமனம். வங்கியில் நாமினி என்று எழுதிக் கொடுப்பதையும் சிலர் நியமனதாரர் என்கிறார்கள். நாமினி வேறு, வாரிசு வேறு என்று குடும்பங்கள் நீதிமன்றம் வரை போவதை நினைத்தால் சொல் இன்னும் பொருந்துகிறது.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பின்வரும் பகுதிகளைப் பாருங்கள். விசெரிஸ் அலிசென்டை மணந்து ஏகான் பிறந்ததும், ஒரு தரப்புக்கு ரெய்னிரா வெறும் நடப்பு வாரிசு. தம்பி பிறந்த அன்றே அவள் உரிமை போயிற்று, ஏகான்தான் அறுதி வாரிசு. இன்னொரு தரப்புக்கு அவள் நியமன வாரிசு. எடுத்த உறுதிமொழியைப் பிறப்பு அழிக்காது. இரண்டு தரப்பும் ‘வாரிசு’ என்றே சொல்லிக்கொண்டு வெவ்வேறு பொருளில் சண்டை போடுகிறார்கள். கதைச்சுருக்கம் எழுதுகிறவர் யார் வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறது என்று பார்த்துப் போட வேண்டும்.

> வாரிசு அரபு வழி வந்தது. ‘தாயம்’ இருக்கும்போது கடன் எதற்கு?

தாயம் எனக்கும் பிடித்த சொல்தான். கரிகாலனைப் பொருநராற்றுப்படை ‘தாய்வயிற்று இருந்து தாயம் எய்தி’ என்கிறது: கருவில் இருக்கும்போதே அரசுரிமை பெற்றவன். இதே சிக்கலை 1837-இல் லண்டன் எப்படிக் கையாண்டது தெரியுமா? நான்காம் வில்லியம் இறந்து விக்டோரியாவை அரசியாக அறிவித்தபோது, மறைந்த அரசரின் மனைவி அடலெய்டுக்கு ஒருவேளை பிள்ளை பிறந்தால் அதன் உரிமை பாதிக்கப்படாது என்று அறிவிப்பிலேயே சேர்த்தார்கள்.

ஆனால் இன்று தாயம் என்றால் முதலில் தாயக்கட்டைதான். ஆளைக் குறிக்க ‘தாயர்’ என்று ஆக்கினால் அது தாய்மார்கள் ஆகிவிடும். ‘தாயாதி’ என்றால் பங்காளி, அதிலும் பகையாளி. தவிர, தாயம், தாயாதி இரண்டையுமே வடமொழி வழி என்று அகராதி சொல்கிறது. அரபை விரட்டி வடமொழியைக் கூப்பிட்டதாக இன்னொரு இழை தொடங்கும். வாரிசு பத்திரத்திலும் பேச்சிலும் ஊறிவிட்டது. ஆண் பெண் இரண்டுக்கும் பொது என்பது கூடுதல் வசதி; இந்தத் தொடருக்கு அது சின்ன வசதி அல்ல.

தாயாதியை நான் வேறிடத்தில் வைத்துக்கொள்வேன். பாடநூல்கள் ‘ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர்’ என்று எழுதுகின்றன, அது நாடுகளுக்கு இடையே நடந்தது, சரி. ஒரே குடிக்குள், ஒரே கொடியை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு அடித்துக்கொள்வதற்குத் ‘தாயாதிப் போர்’ என்று தனியாக வைக்கலாம். சோழர் குடியின் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது இருவர் தலையிலும் ஆத்தி மாலைதான். கோவூர் கிழார் இடையில் நின்று ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே’ என்றார். இங்கே இரு பக்கமும் டிராகன்.

இன்னும் தீராதது ஒன்று. வாரிசுகள் நிற்கும் வரிசைக்கு, அதாவது ‘லைன் ஆஃப் சக்ஸஷன்’ என்பதற்கு, ‘வாரிசு வரிசை’ என்றால் நாக்கு தடுக்குகிறது. ‘பட்ட வரிசை’ என்று வைத்தால் கல்லூரிப் பட்டத்தோடு குழம்புமா? யாராவது சொல்லுங்கள். அதற்குள் கதைச்சுருக்கத்தில் மேலே சொன்ன மூன்றையும் போட்டு வைக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.