நாவல் வரைவை ஒழுங்குபடுத்த எந்த மென்பொருள் ஏற்றது?

கேள்வி: பந்தலூர்க்காரன்

வணக்கம். பந்தலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக மாலை வேளைகளில் ஒரு நாவலை எழுதி வருகிறேன். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அது. ஓர் அத்தியாயம் 1970களில் நடந்தால் அடுத்தது இன்றைய கூடலூரில் நடக்கும். இதுவரை எழுதிய ஏறத்தாழ 70,000 சொற்களும் ஒரே வேர்டு கோப்பில் உள்ளன. தொடக்க அத்தியாயங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். பேருந்தில் வரும்போது எழுதிய துண்டுகள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சிதறிக் கிடக்கின்றன.

என் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1971இல் அந்தக் குடும்பம் தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குவதாக எழுதியிருந்தேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதே, நாங்கள் ராமேஸ்வரத்தில் அல்லவா இறங்கினோம் என்று என் தாயார் சொன்ன பிறகுதான் பிழை புரிந்தது. கோப்பில் ‘தனுஷ்கோடி’ என்று தேடி, கிடைத்த இடங்களையெல்லாம் திருத்தினேன். ஆனால் பாட்டி வேறொரு அத்தியாயத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லாமல், ‘அந்த ரயிலடியும் கோயிலும் இப்போது மணலுக்குள்ளே’ என்று தாம் இறங்கிய இடத்தை நினைவுகூர்கிறார். அது தேடலில் அகப்படவில்லை. எட்டு மாதம் கழித்துத் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. இப்படி இன்னும் எத்தனை மறைந்திருக்கின்றனவோ என்ற அச்சத்தில் புதிய அத்தியாயம் எழுதவே கை வரவில்லை.

நாவல் எழுதுபவர்களுக்கென்றே உள்ள ஸ்கிரிவனர் போன்ற மென்பொருளைப் பணம் கொடுத்து வாங்குவது தகுமா? தமிழுக்கு அவை ஒத்துவருமா? என் மடிக்கணினி பழையது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரமும் இணையமும் நினைத்தபோது போய்விடும் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மறுமொழி 1: கோத்தகிரி மொழிபெயர்ப்பாளர்

தம்பி, நான் ஒன்பது ஆண்டுகளாக ஸ்கிரிவனரில்தான் எழுதுகிறேன். என் இரண்டு நாவல்களும் அதில் உருவானவை. 2007இல் மேக் கணினிக்கும் 2011இல் விண்டோஸுக்கும் வந்த மென்பொருள் அது. மாதச் சந்தா இல்லை, ஒருமுறை விலை கொடுத்தால் போதும். முதல் முப்பது நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம். அந்த முப்பதும் நாட்காட்டி நாட்கள் அல்ல, நீங்கள் அதைத் திறந்து வேலை செய்யும் நாட்கள் மட்டுமே கணக்கில் சேரும். ஞாயிறுதோறும் எழுதுபவருக்கு அதுவே அரை ஆண்டுக்கு மேல் வரும்.

அதில் அத்தியாயத்தைவிடக் காட்சிதான் அடிப்படை அலகு. ஒவ்வொரு காட்சியும் தனித் துண்டாக இடப்பக்கப் பட்டியலில் நிற்கும். இழுத்து இடம் மாற்றினால் உரையும் கூடவே நகரும். காட்சிகளின் சுருக்கங்களை அட்டைகளாக ஒரு பலகையில் குத்தி வைத்ததுபோலவும் பார்க்கலாம். ஆனால் உங்கள் தனுஷ்கோடிச் சிக்கலுக்கு உதவுவது அட்டைகள் அல்ல, குறிச்சொற்கள். கப்பலிலிருந்து இறங்கியதைப் பற்றிய பேச்சு எந்தக் காட்சியில் வந்தாலும், ஊர்ப் பெயர் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் காட்சிக்கு ‘கப்பல் இறக்கம்’ என்று ஒரு குறிச்சொல் இட்டுவிடுங்கள். தேடல் சொல்லைத்தான் கண்டுபிடிக்கும். குறிச்சொல் செய்தியையே கண்டுபிடித்துக் கொடுக்கும். பெரிய திருத்தத்திற்கு முன் அந்தக் காட்சியை மட்டும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், திருத்தம் கெட்டுப்போனாலும் பழைய வடிவத்திற்குத் திரும்பலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு ஸ்கிரிவனர் கிடையாது. ஆகவே உங்கள் பேருந்துத் துண்டுகளை ஒட்டித்தான் சேர்க்க வேண்டும். அதன் திட்டம் என்பது உண்மையில் பல சிறு கோப்புகள் அடங்கிய ஓர் உறை. அந்த உறையைக் கூகுள் டிரைவில் வைத்து இயக்குவதை அதைத் தயாரித்தவர்களே பரிந்துரைப்பதில்லை. இணையம் விட்டுவிட்டு வந்த ஒரு மழைநாளில் நான் இரண்டு கணினிகளில் ஒரே திட்டத்தைத் திறந்து வைத்ததால், நான்கு காட்சிகளுக்கு இரட்டைப் படிகள் உருவாயின. எது புதியது என்று பிரித்தெடுக்க ஒரு வாரம் பிடித்தது. தவறு என்னுடையதே.

விலை தடையாக இருந்தால் நாவல்ரைட்டர் என்ற திறமூல மென்பொருளைப் பாருங்கள். முற்றிலும் இலவசம், காட்சிகளை வெற்று உரைக் கோப்புகளாகச் சேமிக்கிறது, பாத்திரம், இடம், யார் கண்வழியாகக் கதை செல்கிறது என்பவற்றுக்குக் குறிச்சொல் இடும் வசதியும் அதில் உண்டு.

மறுமொழி 2: உதகை ஓய்வுபெற்ற ஆசிரியர்

புதிய மென்பொருளைக் கற்பதும் ஒருவகைத் தள்ளிப்போடல்தான் என்பது என் அனுபவம். பந்தலூர் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இலவசம், இணையமும் வேண்டாம். அத்தியாயத் தலைப்புகளுக்கு ‘ஹெடிங் 1’ பாணியையும் காட்சித் தலைப்புகளுக்கு ‘ஹெடிங் 2’ பாணியையும் கொடுத்துவிட்டு எஃப் 5 விசையை அழுத்தினால் நேவிகேட்டர் திறக்கும். அதில் தலைப்பை மேலே கீழே நகர்த்தினால் அதன் கீழுள்ள உரை முழுவதும் சேர்ந்தே நகரும். நீங்கள் இப்போது வைத்திருக்கும் வேர்டிலும் நேவிகேஷன் பகுதியில் இதையே செய்யலாம். தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் மாற்றிவிட்டு, பாணியைக் கொடுக்காமல் விடுவதால்தான் பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரிவதில்லை.

கோத்தகிரி அம்மையார் சொல்லும் குறிச்சொல் வேலையை நான் ஒரு விரிதாளில் செய்கிறேன். வரிசைக்கு ஒரு காட்சி. பத்திகளில் காட்சி எண், கதை நடக்கும் ஆண்டு, மாதம், இடம், உடனிருப்பவர்கள், அப்போது ஒவ்வொருவரின் வயது, வாசகர் முதன்முறையாக அறியும் செய்தி. நாவலின் வரிசையில் ஒருமுறையும், ஆண்டின் வரிசையில் ஒருமுறையும் அடுக்கிப் பாருங்கள். கணக்கு எழுதுபவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மறுமொழி 3: குன்னூர் பக்க வடிவமைப்பாளர்

மேலே இருவரும் சொன்னவற்றுக்கு முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பதினான்கு ஆண்டுகளாகத் தமிழ் நூல்களுக்குப் பக்கம் அமைக்கிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பாமினியில் உள்ள அத்தியாயங்கள் கணினியின் பார்வையில் தமிழே அல்ல. அவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. எந்த மென்பொருளில் இட்டாலும் அங்கே தமிழில் தேட முடியாது. தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட உலகப் பொது முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஒரு தரமாக ஏற்றுவிட்டது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு முதலில் அவற்றை யூனிகோடுக்குக் கொண்டு வாருங்கள்; மாற்றிய பின் ஒருமுறை வரிக்கு வரி படியுங்கள்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. ‘கொழுந்து’ என்ற சொல்லின் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பல மென்பொருள்களின் தேடலுக்கோ அவை இரு வேறு சொற்கள். தேயிலை நாவலில் கொழுந்து எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள்! ‘எ’ என்ற எழுத்துக்குப் பதிலாக, அதே வடிவிலுள்ள ஏழு என்னும் தமிழ் எண் புகுந்துவிட்ட கோப்புகளையும் நான் கண்டிருக்கிறேன். காட்சிகளைப் பிரிக்கும் முன் இவற்றைக் கண்டுபிடித்து மாற்றி ஒரே சீராக்கிவிடுங்கள்.

கூகுள் டாக்ஸில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். ஓர் ஆவணத்தில் 10.2 லட்சம் குறிகள் வரைதான் அது ஏற்கும். தமிழில் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். ‘தோட்டத்தில்’ என்ற ஒரு சொல்லே பதினொன்று. ஆகவே ஒரு லட்சம் சொற்கள் கொண்ட தமிழ் நாவல் அந்த எல்லையை நெருங்கிவிடும். ஆங்கில நாவலாசிரியர் எவருக்கும் அந்தக் கவலை எளிதில் வராது.

எந்த மென்பொருளில் எழுதினாலும், எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியது யூனிகோடில் அமைந்த ஒரே வேர்டு கோப்பு. காட்சிகளை ஒன்றாகத் தொகுக்கும் ஸ்கிரிவனரின் கம்பைல் வசதி அதைத் தரும். தலைப்புகளுக்குப் பாணி கொடுத்திருந்தால் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் எங்களுக்கு அரைநாள் வேலை மிச்சம். இடைவெளி விசையைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவில் நிறுத்துபவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

மறுமொழி 4: பந்தலூர்க்காரன்

அக்காவுக்கும், ஆசிரியர் ஐயாவுக்கும், குன்னூர் நண்பருக்கும் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன்.

முதலில் பாமினி அத்தியாயங்களை மாற்றினேன். ஒகரக் குறி விஷயம் உண்மைதான்: நான் தட்டச்சு செய்த ‘கொழுந்து’ ஒரு வகையாகவும், மாற்றியிலிருந்து வந்த ‘கொழுந்து’ வேறு வகையாகவும் இருந்தன. சீராக்கிய பின்னர், இருக்கும் கோப்பையே லிப்ரே ஆபிஸில் திறந்து காட்சி காட்சியாகத் தலைப்பிட்டேன். 118 காட்சிகள் வந்தன. ஸ்கிரிவனரை இப்போதைக்கு வாங்கவில்லை. கைப்பேசியில் எழுதுவதை விட முடியாது என்பதே காரணம். அக்கா சொன்ன குறிச்சொல்லுக்கு மட்டும் ஐயாவின் விரிதாளில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அன்றைய தேதியிட்ட ஒரு படியைப் பென்டிரைவில் எடுத்து, வீட்டிலிருந்து அலுவலக மேசைக்கு மாற்றிவிடுகிறேன்.

‘கப்பல் இறக்கம்’ என்ற குறிச்சொல் ஏழு காட்சிகளில் விழுந்தது. அவற்றில் இன்னும் இரண்டு, பெயர் சொல்லாமலே, பழைய துறையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆண்டு வரிசையில் அடுக்கியபோது வேறொன்றும் வெளிப்பட்டது. 1971இல் மண்டபம் முகாமில் ஒன்பது வயதுச் சிறுமியாகத் தண்ணீர்க் குடம் சுமக்கும் அத்தை, 1976இல் சேரம்பாடியில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். முகாம் காட்சியைத் தொட மனமில்லை. ஆகவே குழந்தையை அவளுடைய அண்ணியின் இடுப்புக்கு மாற்றியிருக்கிறேன். அதனால் இன்னும் ஒன்பது காட்சிகளைத் திருத்த வேண்டியுள்ளது. அவற்றின் எண்கள் விரிதாளில் இருக்கின்றன.