லாங்லைன்ல கிளை நூல் முறுக்கிக்குது, வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே. சூரை மீனுக்கு லாங்லைன் (நீளமான தாய்க்கயித்துல வரிசையாக் கிளை நூல் மாட்டி, அது நுனியில தூண்டில் முள் கட்டி விடுறது) போடுற படகுல வேலை. தாய்க்கயிறு தங்கூசி (நைலான் இழை), இழுக்க ஹைட்ராலிக் ரீல் இருக்கு. ரெண்டு மிதவைக்கு நடுவுல முள்ளைக் கூட்டி ஆழமா இறக்க ஆரம்பிச்சதுல இருந்து, நடு முள்ளுங்களோட கிளை நூல் தாய்க்கயித்தைச் சுத்திக்கிட்டே மேல வருது. ஸ்னாப் (கிளை நூலைத் தாய்க்கயித்துல மாட்டுற கொக்கி) கிட்ட ஒரு சாண் நீளத்துக்குப் பின்னல் மாதிரி இறுகிடுது, வெட்டித்தான் எடுக்கணும். மிதவைக்குப் பக்கத்துல இருக்குறதுல இந்தத் தொல்லையே இல்ல.

சுழலி (நூல் முறுக்கிக்காம இருக்க நடுவுல வைக்கிற சுத்துற இணைப்பு) எல்லாம் புதுசு, நல்லாத்தான் சுத்துது. படகு போற வேகத்தைவிடக் கயிறை வேகமா விட்டாத்தான் தொய்வு விழுந்து ஆழம் கிடைக்கும். பெருங்கண் சூரை பகல்ல கீழதான் கிடக்கும், அதனால தொய்வைக் குறைக்க மனசில்ல. ஈயம் வச்ச சுழலி போட்டா முறுக்கு குறையுமா? முள்ளுல இருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்? இழுக்கும்போது நூல் அறுந்தா ஈயம் மூஞ்சிக்கே பறந்து வரும், அதான் பயம்.

இன்னொன்னு. ஜே முள்ளை (J எழுத்து வடிவ முள்) விட்டுட்டு வட்ட முள்ளுக்கு (முனை உள்பக்கமா வளைஞ்சது) மாறலாம்னு டிரைவர் அண்ணன் சொல்றார். ஆமை விழுங்குறது குறையும், மீனுக்கும் வாயோரத்துல மாட்டும், சரிதான். ஆனா இரைக்கு வைக்கிற கணவாயை அதுல எப்படிக் கோர்க்குறீங்க? யாராவது படம் போட்டா புண்ணியமாப் போகும்.